எடுத்த காய்

வாசகரே, மேடையில் பேசத் தொடங்கும்போது நடுவரை விளிப்பதே என் பழக்கம். இங்கே நடுவர் இல்லை. தீர்ப்பும் நான் கேட்கப்போவதில்லை. உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். திருச்சித் தெப்பக்குளத்துக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்து நடையில் ஒரு பெண்மணி சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்திருக்கிறார். அருகில் வந்து நில்லுங்கள். முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருடைய கைகளைப் பாருங்கள்.

இரு கைகளும் பலகையின்மேல் ஓயாமல் உலவுகின்றன. பிறவியிலேயே பார்வையற்றவர் அவர். அவருடைய பலகையில் கறுப்புக் கட்டங்கள் நூலளவு மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. ஒவ்வொரு காயின் அடியிலும் அத்துளைக்குள் இறங்கும் ஒரு முளை. கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் சிறு குமிழ் இருக்கும். எதிரில் ஆடுபவருக்கு வழக்கமான பலகை. ஆக, ஒரே ஆட்டம் இரண்டு பலகைகளில் நடக்கிறது. அவ்விரண்டையும் இணைப்பது குரல் ஒன்றே. யார் எந்தக் காயை எங்கே வைத்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அந்தக் குரலாக இருந்தவன் நான்.

அப்போது நான் கல்லூரி மாணவன். என் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை என்பதைத் தன்னடக்கத்தின் பொருட்டு மறைக்க நான் விரும்பவில்லை. சதுரங்கத்தில் நான் அந்த மாடியில் இயங்கிய சதுரங்க மன்றத்தின் கடைசி வரிசை; பேச்சில் மாவட்டத்தின் முதல் வரிசை. மன்றத்தின் செயலாளர் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கைக்கு இங்க பெருசா வேலை இல்லை. உன் தொண்டைக்கு ஒண்ணு இருக்கு" என்று சொல்லி என்னை அந்த நடைக்கு அனுப்பினார். எதிராளியின் நகர்வை நான் உரக்கச் சொல்வேன். அந்தப் பெண்மணி, நான் அழைக்கும் பெயரில் அக்கா, தம் பலகையில் அதை வைத்துக்கொள்வார். அக்கா சொல்லும் நகர்வை எதிராளியின் பலகையில் நான் வைப்பேன்.

கட்டங்களின் எழுத்துகள் காதில் குழம்பாமல் இருக்க, எட்டு நெடுவரிசைகளையும் எட்டுப் பெயர்களால் அழைப்பது பார்வையற்றோர் சதுரங்கத்தில் உலகம் முழுதும் உள்ள வழக்கம். அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். பெயரோடு ஓர் எண் சேர்ந்தால் அது ஒரு கட்டம். தெப்பக்குளத்து மாடியில் இப்பெயர்களை நான் முழங்குவதை, கூடையோடு படியேறி வரும் மணப்பாறை முறுக்குக்காரர் நின்று கேட்பார்.

"ஏன் தம்பி, டேவிட்டு ஈவான்னு தெனமும் கூப்புடுறியே, ஒருத்தரும் வந்து நான் பார்க்கலையே?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா சொல்வார்: "அவங்கல்லாம் உள்ள ஹால்ல சொகுசா உக்கார்ந்திருக்காங்கண்ணே. வெளியில நாங்க ரெண்டு பேருதான்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் மன்றத்து ஹாலின் கதவு திறந்திருக்கும் நேரம் பார்த்துச் சொல்வார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. "நல்லா பேசுற, பேசு. ஆனா என் பேரை எந்த மேடையிலயும் இழுக்காதே" என்று ஒருமுறை கேட்டார், சரி என்றேன். அவரிடம் 'சரி' என்று சொல்வது எத்தகைய காரியம் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

சதுரங்கத்தில் தொட்ட காயை ஆடியே தீர வேண்டும். அவருக்கோ தொடுவதுதான் பார்ப்பது. ஆகவே அவருக்குரிய விதி வேறு: முளை துளையை விட்டு வெளியே வந்தால்தான் காயை எடுத்ததாகக் கணக்கு. "தடவுற வரைக்கும் யோசனை தம்பி. பிடுங்கிட்டா அப்புறம் பேச்சே கிடையாது" என்பார். இந்த விதியை அவர் பலகையோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

காந்தி மார்க்கெட்டில் அவர் கத்தரிக்காய் வாங்குவதை நான் உடனிருந்து பார்த்திருக்கிறேன். குவியல் முழுவதையும் விரல்களால் படித்துவிடுவார். ஆனால் குவியலிலிருந்து கையோடு மேலே வந்த காய், சொத்தையே ஆனாலும், பைக்குள்தான் போகும். கடைக்காரம்மாவுக்கே பொறுக்காது.

"ஏங்க, அது பூச்சிங்க. கீழ போடுங்க, வேற எடுத்துக்கங்க."

"எடுத்தாச்சுங்க."

"எடுத்தா என்னங்க, தாலியா கட்டிட்டீங்க?"

"கட்டியிருந்தாக்கூட ஊர்ல பிரிச்சு வெச்சிருவாங்க. இது என் கையிங்க."

இன்னொரு நாள், கண்டோன்மெண்டில் தாம் வேலை பார்த்த வங்கியிலிருந்து திரும்பும்போது, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் என்று எண்ணி முக்கொம்பு பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ் நகர்ந்த பிறகுதான் நடத்துநர் சொல்லியிருக்கிறார். நிறுத்தி இறக்கிவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார். அக்கா முக்கொம்புக்கே டிக்கெட் வாங்கிக்கொண்டார். ஜீயபுரத்து வாழைத் தோப்புகளின் ஈர வாடையை ஜன்னலில் பிடித்தபடி போய், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் அந்த மதகருகே நின்று, தண்ணீரைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலை வீட்டில் அவருடைய தாயார் தெருவுக்கும் வாசலுக்கும் அலைந்துகொண்டிருந்தார்.

"இறங்கியிருக்கலாம்லக்கா?" என்று கேட்டேன்.

"ஏறினது நான்தானே. தண்ணி ரெண்டா பிரியிற எடத்துல சத்தம் வேற மாதிரி இருக்கும் தம்பி. தப்பா ஏறலைன்னா அது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

இவற்றைக் கேட்டு நீங்கள் புன்னகைத்திருக்கலாம். நானும் சிரித்தவன்தான். ஆனால் இக்குணத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. மணப்பாறைப் பக்கத்திலிருந்து அவரைப் பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை நல்லவர், அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. பேச்சுக்கு நடுவே மாப்பிள்ளையின் தந்தை, "நாங்க ஏத்துக்கிறதே பெருசு" என்று ஒரு வார்த்தை விட்டார். அக்கா எழுந்து, "அவ்வளவு பெருசு வேணாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிறகு அந்தத் தந்தையே நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார். மாப்பிள்ளை தனியே வந்து காத்திருந்தார். அக்கா மாறவில்லை. அன்று அவர் அழுதார் என்று அவருடைய தாயார் என்னிடம் சொன்னார்: "அழுவா. ஆனா சொன்னதை மாத்த மாட்டா. யார்கிட்ட தம்பி இவ ஜெயிக்கப் பாக்குறா?"

அந்தக் கேள்விக்கு இரு பக்கமும் நின்று பேச என்னால் முடியும். எந்தப் பக்கம் உண்மை என்று சொல்ல இன்றும் முடியவில்லை.

இரு பக்கமும் பேசுவதுதான் என் பயிற்சி. சீட்டுக் குலுக்கலில் வந்த பக்கம் என் பக்கம். ஒருமுறை நான் பரிசு வாங்கிய பட்டிமன்றத்துக்கு அக்கா வந்திருந்தார். திரும்பும்போது காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது.

"நீ பேசினியே, அதை நீ நம்புறியா?"

"இன்னைக்கு எனக்கு வந்த பக்கம் அதுக்கா."

"அப்ப ஒரு காயைக்கூடப் பிடுங்காமலே ஆட்டத்தை முடிச்சுட்டு வந்திருக்க. கெட்டிக்காரன்தான்."

கையில் கோப்பை இருந்தது. வீடு சேரும்வரை அது கனத்தது.

இனி, அந்த நடைக்கு அவரை அனுப்பியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்றத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை நாங்கள் 'பாய்' என்றே அழைப்போம். பெரிய கடை வீதியில் பூட்டுக் கடை வைத்திருந்தார். நெடுங்காலம் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர். அவர் ஆடத் தொடங்கினால் மூச்சு விடும் ஓசைகூடக் கேட்காது. மன்றத்தின் ஹாலில் ஆட்டம் நடக்கும்போது யாரும் பேசக் கூடாது என்ற விதி அவர் கொண்டுவந்தது. வாயால் சொல்லி ஆட வேண்டிய அக்காவை அந்த விதிதான் வெளியே வைத்தது. நடையில் மேஜை போட்டுத் தந்ததை எல்லோரும் சலுகை என்றே சொன்னார்கள். கீழே தெருவில் ஆட்டோக்கள் அலறும். பக்கத்தில் கழிவறைக் கதவு அடித்துக்கொள்ளும். படியேறுகிறவர்கள் மேஜையை இடித்துவிட்டுப் போவார்கள்.

பாய் கொடியவர் அல்லர். ஒருநாள் நான் கேட்டபோது தாழ்ந்த குரலில் சொன்னார்: "அங்க ஒரே ரூம்ல அத்தனை பேரு படுத்திருப்பாங்க தம்பி. ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவன் தூங்குவான். அவனை எழுப்பாம ஆடிக் கத்துக்கிட்டவன் நான். பலகை முன்னாடி உக்கார்ந்தா எனக்கு வாய் தொறக்க வரலை. அவங்க மேல கோவம்லாம் ஒண்ணும் இல்லை."

கோபமில்லாத மனிதர் போட்ட பூட்டைத் திறப்பது கடினம். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. அதனால் அவர் மனுக் கொடுக்கவில்லை, சண்டையிடவில்லை. மாநிலப் போட்டிக்குப் போகும் மன்றத்தின் அணியில் இடம்பிடிக்க ஆடினார். அணியில் இருப்பவர்களுக்கு ஹாலின் நடுமேஜையில்தான் பயிற்சி. அணிக்குள் வந்துவிட்டால் அவரை வெளியே உட்கார வைக்க முடியாது. மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு அவருக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. மிச்சமிருந்த ஆட்டமோ பாயுடன். சமன் ஆனால்கூட அந்த இடம் உள்ளே ஆடும் வேறொருவருக்குப் போய்விடும். பாயை அக்கா அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை.

"ஜெயிச்சு வரட்டும். வந்தா உக்காரட்டும்" என்றார் பாய். ஏளனமாக அல்ல; தராசைப் பிடித்தவரைப்போல.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்காவுக்கு வெள்ளைக் காய்கள். பாயின் நகர்வுகளை நான் உரக்கச் சொன்னேன்; பாய் வாய் திறக்கவில்லை. பிற்பகல் முழுதும் காய்கள் ஒன்றுக்கொன்று விழுந்து, மாலையில் பலகை ஏறக்குறைய வெறிச்சோடியது. அக்காவிடம் ராஜாவும் இரண்டு சிப்பாய்களும். பாயிடம் ராஜாவும் ஒரே சிப்பாயும். அக்காவின் சிப்பாய்களில் ஒன்று கடைசி வரிசையை நெருங்கியிருந்தது. அதை மறித்துக்கொண்டு பாயின் ராஜா நின்றது. இத்தகைய முடிவாட்டத்தில் இரு ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது, நகர வேண்டிய முறை யாருடையதோ அவர் வழிவிட்டாக வேண்டும். அக்கா தம் ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டில் வைத்தால் போதும்: பாய் வழிவிட வேண்டியதுதான். என்னைப்போன்ற கடைசி வரிசைக்காரனுக்கே அது தெரிந்தது.

அப்போது மஃரிப் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது.

அந்த நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவிடுவது மன்றத்தின் வழக்கம். பாய் நிறுத்திவிட்டுத் தொழப் போனார். பார்வையுள்ளவர்கள் அவ்வேளையில் காய்களைத் தொடுவதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள். அக்கா தொடாமல் எப்படிப் பார்ப்பார்? அவருடைய கைகள் பலகையின்மேல் இருந்தன. வலக்கை ராஜாவின்மேல், இடக்கை ஓரத்துச் சிப்பாயின்மேல். முடிவு செய்துவிட்ட களைப்போ, வெற்றி அருகில் வந்த பதற்றமோ, வலக்கை எடுக்க வேண்டிய நேரத்தில் இடக்கை எடுத்தது. சிப்பாயின் முளை துளையை விட்டு வெளியே வந்தது.

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

நடையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் குனிந்து சொன்னேன்: "வெச்சிருங்கக்கா. யாரும் பார்க்கலை."

"நான் இருந்தேனே."

"கடிகாரமே நிக்குதுக்கா. ஆட்டமே நடக்காத நேரம் இது. எந்த விதிப்படியும் இது நகர்வு ஆகாது. நான் வாதாடட்டுமா?"

"நீ ஜெயிச்சிருவ. தெரியும்" என்றார். "கடிகாரம்தான் தம்பி நிக்குது. நான் நிக்கலையே."

அந்தச் சிப்பாய்க்குப் போக ஒரே கட்டம்தான் இருந்தது. அக்கா அதை அங்கே, பாயின் சிப்பாய்க்கு நேர் எதிரே, ஊன்றினார். ராஜாவை அசைக்காமல் முறையை எதிராளிக்குத் தள்ளிவிடத் தம் கையிருப்பில் இருந்த ஒரே உபரி நகர்வு அதனால் தீர்ந்துபோயிற்று.

பாய் திரும்பி வந்ததும் அக்காவே சொன்னார்: "நீங்க தொழப் போனப்ப கை தவறி சிப்பாயை எடுத்துட்டேன் பாய். அதைத்தான் ஆடியிருக்கேன். தம்பி, சொல்லு."

"அன்னா ஐந்து" என்றேன். அன்றுதான் என் குரல் என் கட்டுப்பாட்டில் இல்லை.

பாய் பலகையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது. மெல்லச் சொன்னார்: "கடிகாரம் நின்னப்ப எடுத்தது கணக்கில்லம்மா. திருப்பி வெச்சுக்கங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"இந்த நடையில உக்கார வெச்சதையும் சலுகைன்னுதான் பாய் சொன்னீங்க. இன்னொண்ணு வேணாம்."

பாய் மறுபடி அமர்ந்தார். பிறகு கடிகாரத்தை ஓடவிட்டார். உபரி நகர்வுக்கு இனி அக்காவிடம் வழியில்லை என்பதை அறிந்து, தம் ராஜாவைத் துல்லியமாக ஒரு கட்டம் பின்னால் வைத்தார். எனக்குத் தெரிந்தவரைக்கும் வேறெந்த நகர்வும் அவரைக் காப்பாற்றியிருக்காது. "ராஜா, சீசர் எட்டு" என்று நான் அறிவித்தேன். அக்காவின் ராஜா முன்னே போனால் பாயின் ராஜா எதிரே வந்து நிற்கும். பக்கவாட்டில் போனாலும் வந்து நிற்கும். சமன். நான்காவது இடம் போயிற்று என்று எண்ணினேன்.

செய்தி உள்ளே போய், ஹாலில் இருந்தவர்களில் பலர் ஒவ்வொருவராக நடைக்கு வந்து சுவரோரம் நின்றார்கள். அக்காவின் விரல்கள் பலகையின் காலிக் கட்டங்களில் நடந்தன. காய்களே இல்லாத இடத்தில், ஒவ்வொரு துளையாக, ஏதோ தெருவில் வீட்டு எண் தேடுகிறவரைப்போல. பிறகு ராஜாவைப் பிடுங்கினார்.

"ராஜா, சீசர் நான்கு."

பின்னோக்கி.

சுவரோரத்தில் யாரோ முணுமுணுத்தார்: "என்னய்யா, பாதி வழியில திரும்பிப் போறாங்க?"

பாயின் ராஜா ஒரு கட்டம் நகர்ந்தது. நான் சொன்னேன். அக்கா: "ராஜா, டேவிட் நான்கு." பாயின் ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பியது, அதற்கு அங்கே போய்வர மட்டுமே இடம் இருந்தது. அக்கா: "ராஜா, டேவிட் ஐந்து."

நான் காயை வைத்தேன். வைத்த பிறகே எனக்கு விளங்கியது. பலகை அப்படியே இருந்தது. ஒவ்வொரு காயும் முன்பு நின்ற அதே கட்டத்தில். மாறியது ஒன்றுதான்: இப்போது நகர வேண்டியவர் பாய். பாயின் ராஜா இரண்டு கட்டங்களுக்கிடையே போய்வந்த நேரத்தில், அக்காவின் ராஜா மூன்று கட்டங்களில் சுற்றி வந்து, தவறி எடுத்த அந்த ஒரு நகர்வை ஈடுகட்டிவிட்டது. எடுத்த காயை அவர் திருப்பி வைக்கவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார்.

எனக்கு முக்கொம்புக்குப் போய்த் திரும்பிய பஸ் நினைவுக்கு வந்தது.

பாய் உடனே தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. வழி இருக்கிறதா என்று கடைசிவரை தேடினார். அதுவே அவர் செய்த மரியாதை. வழிவிட்டார். அக்காவின் ராஜா முன்னேறியது. சிப்பாய் நகர்ந்தது. இன்னும் ஓர் அடியில் அது ராணியாகிவிடும் என்றபோது, பாய் தம் ராஜாவைப் பலகையில் படுக்கவைத்தார்.

ஓசையே இல்லாமல் படுக்கவைத்தார். அக்காவுக்கு அது தெரியவில்லை. அவர் விரல்கள் பாயின் அடுத்த நகர்வுக்காகக் காத்திருந்தன. அதைச் சொல்வது என் வேலை. என் வாழ்வின் மிகச் சிறந்த அறிவிப்பு அதுவாக இருந்திருக்கும். வாய் திறந்தேன். பாய் கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

தொண்டையைச் செருமினார். பலகையின் முன் அமர்ந்து ஆட்டத்தின் போக்கை அவரே வாயால் அறிவித்து நாங்கள் கேட்டதில்லை.

"நான் தோத்துட்டேன்மா."

அக்கா கைகளைப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்க பாய் ஓட்டை விட்டீங்க?" என்று கேட்டார்.

"நான் விடலை. நீங்க பின்னாடி போனீங்க. நான் வெரட்டிட்டேன்னு நெனச்சேன்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பிறகு அவர் சொன்னது அருகில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது: அடுத்த வாரத்திலிருந்து, உள்ளே, நடுமேஜையில்.

அக்கா முகத்தை அவர் பக்கம் திருப்பினார். கூர்மையாக, ஆனால் கடுமையில்லாமல் சொன்னார்: "பாய், வாய்க்குள்ள சொன்னா அது தடவிப் பாக்குறதுதான். கணக்குல வராது."

கீழே தெருவில் ஓர் ஆட்டோ நின்று கிளம்பிப் போனது. பாய் எழுந்தார். நேரே போய், மௌனம் காக்கும் அந்த ஹாலின் கதவை இரு பக்கமும் விரியத் திறந்தார். வாசலில் நின்றுகொண்டு, உள்ளே இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிரும்படி, தூங்குகிறவர்களுக்காக அடக்கிவைத்த இத்தனை ஆண்டுக் குரலையும் சேர்த்து, உரக்கச் சொன்னார்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து இவங்க உள்ளதான் உக்காருவாங்க, நடுமேஜையில. எதுத்தாப்புல உக்கார்றவன் எவனா இருந்தாலும் வாயைத் தொறந்து சொல்லித்தான் ஆடணும். மொத ஆளா நான் உக்காருறேன். என் காயை நானே சொல்லுவேன்."